வெந்தயம், கச்சோலம், கடுகுப் புண்ணாக்கு... கெண்டை மீனுக்கு வங்காளம் வைக்கும் விருந்து!

கொல்கத்தாவின் சியால்டா ரயில் நிலையம் ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே விழித்துக்கொள்ளும். காய்கறிக் கூடைகளும் பூ மூட்டைகளும் நகரத்துக்குள் வந்து இறங்கிக்கொண்டிருக்க, ஒரு கூட்டம் மட்டும் கிராமத்துப் பக்கம் போகிற வண்டிக்காகக் காத்திருக்கும். தோளில் நீளமான துணி உறை, கையில் மூடி போட்ட வாளி. உறைக்குள் இருப்பது தூண்டில் கழி. வாளிக்குள் என்ன என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. வறுத்த வெந்தயமும் புளித்த புண்ணாக்கும் வெல்லப்பாகும் கலந்த வாசனை, ரயில் பெட்டி முழுக்கப் பரவி விஷயத்தைச் சொல்லிவிடும். அவர்கள் கெண்டை மீன் பிடிக்கக் கிளம்பியவர்கள்.

கடைக்காரர், ஆலைத் தொழிலாளி, அலுவலக ஊழியர், ஓய்வுபெற்ற ஆசிரியர் எனப் பல தரப்பினரும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். வாரம் முழுக்க ஒருவரையொருவர் தெரியாதவர்கள், அந்தப் பெட்டிக்குள் ஏறியதும் 'தாதா' ஆகிவிடுவார்கள். வங்காளத்தில் 'தாதா' என்றால் அண்ணன். பேச்சு முழுக்க ஒரே விஷயத்தைத்தான் சுற்றும். "தாதா, இன்றைக்கு என்ன இரை?"

அந்தக் கேள்விக்கு மட்டும் யாரும் முழுப் பதில் சொல்ல மாட்டார்கள்.

குஞ்சு மீன் ஊர்

வண்டி பாரக்பூர் தாண்டி நைஹாட்டியை அடைகிறது. ஹூக்ளி ஆற்றங்கரையில் சணல் ஆலைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். மீன் வளர்ப்பவர்களுக்கு இது வேறு காரணத்துக்காகத் தெரிந்த பெயர். மீன் குஞ்சு வியாபாரத்துக்கு இந்தப் பகுதி பேர் போனது. அலுமினியப் பானைகளில் தண்ணீரோடு குஞ்சுகளை வைத்து, பானைத் தண்ணீரைக் கையால் தட்டிக்கொண்டே இருப்பார்கள் வியாபாரிகள். அப்படித் தட்டினால்தான் தண்ணீரில் காற்று கலக்கும், குஞ்சு பிழைக்கும். தொலைதூரத்துக்கு ஆக்சிஜன் நிரப்பிய பாலித்தீன் பைகள் வந்துவிட்டாலும், பானையைத் தட்டும் பழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை.

நம் ஊர்ப் பண்ணைக்குட்டைகளில் வளரும் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கை ஆற்றுப் படுகைக்குச் சொந்தமான கெண்டைகள். வங்காளத்தில் 'காத்லா', 'ருய்', 'ம்ரிகேல்' என்பார்கள். ஒரு காலத்தில் மழை வெள்ளத்தில் ஆற்றில் இறங்கி வரும் முட்டைகளையும் குஞ்சுகளையும் வலை கட்டிப் பிடித்துத்தான் குளங்களில் விட முடிந்தது. நல்ல குஞ்சோடு வேண்டாத குஞ்சும் சேர்ந்து வரும். 1957-ம் ஆண்டு ஜூலை 10-ம் தேதி, ஒடிசாவின் அங்குல் என்ற ஊரில் ஹிராலால் சௌத்ரியும் கே.எச்.அலிகுன்ஹியும் மீனின் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசி மூலம் செலுத்தி, கெண்டையைக் குளத்திலேயே முட்டையிட வைத்தார்கள். அதன்பிறகு நல்ல குஞ்சுக்கு ஆற்றை நம்பி இருக்க வேண்டிய நிலை மாறியது. அந்த நாள்தான் இன்று தேசிய மீன் வளர்ப்போர் தினம்.

கெண்டை வங்காளத்துக்கு வெறும் உணவு மட்டுமல்ல. கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்குப் போகும் சீர்த் தட்டில், பெரிய ரோகு மீனுக்குப் புடவை கட்டி, பொட்டு வைத்து, மணப்பெண் மாதிரி அலங்கரித்து அனுப்புவார்கள். அப்படிப்பட்ட மீனுக்குத் தூண்டிலில் கண்டதையும் மாட்டிப் போட மனம் வருமா?

ஒரு குளம், மூன்று மாடி

கல்யாணி, சாக்தஹா, ராணாகாட் என்று வண்டி நதியா மாவட்டத்துக்குள் நுழைந்ததும் இரண்டு பக்கமும் குளங்கள் தென்படத் தொடங்குகின்றன. சியால்டாவிலிருந்து ராணாகாட் சுமார் 75 கிலோமீட்டர். வீட்டுக்குப் பின்னால், வாழைத்தோப்புக்கு நடுவே, சணல் வயலுக்கு ஓரத்தில் என எங்கு பார்த்தாலும் தண்ணீர். வீடு கட்ட மண் எடுத்த பள்ளமே குளமானது பாதி. பாத்திரம் கழுவ, சணல் ஊறவைக்க, மீன் வளர்க்க எல்லாவற்றுக்கும் அதே குளம். பல குளங்களுக்கு ஒரே உரிமையாளர் கிடையாது. தாத்தா வெட்டிய குளத்தில் அண்ணன், தம்பி, சித்தப்பா மக்கள் எனப் பலருக்கும் பங்கு இருக்கும்.

இந்தக் குளங்களில் சில, ஞாயிற்றுக்கிழமைகளில் 'டிக்கெட் குளம்' ஆகின்றன. கரையைச் சுற்றித் தண்ணீருக்குள் நீட்டியபடி மூங்கில் பரண்கள் கட்டியிருப்பார்கள். ஒரு பரணுக்கு ஒரு சீட்டு. காலையிலிருந்து மாலை வரை உட்காரலாம். எத்தனை தூண்டில் போடலாம், பிடித்ததில் எதை எடுத்துப்போகலாம், எதைத் திரும்ப விட வேண்டும் என்பதைக் குளத்துக்காரர் முன்கூட்டியே சொல்லிவிடுவார். சீட்டுப் பணம் பங்காளிகளுக்குள் பிரியும். வலை போட்டு விற்றால் மீனுக்கு ஒரு தடவைதான் காசு. தூண்டிலுக்கு விட்டால், மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு போகிறவரும் காசு கொடுத்துவிட்டுத்தான் போகிறார்.

பரணில் உட்கார்ந்த அனுபவசாலிகள் உடனே தூண்டிலை வீசுவதில்லை. கால் மணி நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மேல்மட்டத்தில் அலை புரள்கிறதா, அடியிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாக வருகின்றனவா, தாமரைத் தண்டு தானாக ஆடுகிறதா... அதை வைத்துத்தான் இரை முடிவாகும்.

காரணம் எளிமையானது. கட்லா மேல்மட்டத்து மீன். அதன் வாய் மேல்நோக்கித் திரும்பியிருக்கும். தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும். ரோகு நடுமட்டத்து மீன். உதட்டு ஓரத்தில் சின்ன மடிப்புகள் இருக்கும். செடித் தண்டிலும் கல்லிலும் படிந்த பாசியை உதட்டால் சுரண்டித் தின்னும். மிர்கால் அடிமட்டத்து மீன். சேற்றில் மட்கிக் கிடப்பதைக் கிளறித் தின்னும். அது கிளறும்போதுதான் குமிழிகள் மேலே வரும். நம் பண்ணைக்குட்டையில் மூன்றையும் சேர்த்து விடுவதற்கு என்ன காரணமோ, அதே காரணம்தான் இங்கே மூன்றுக்கும் மூன்று வித இரை தயாரிப்பதற்கும்.

கெண்டைக்குத் தாடையில் பல் கிடையாது. அரைக்கும் பல் தொண்டைக்குள் இருக்கிறது. அதனால், எதையும் முதலில் வாயால் உறிஞ்சி, ருசி பார்த்து, பிடிக்காவிட்டால் துப்பிவிடும். கலங்கிய தண்ணீரில் கண்ணைவிட மூக்கையும் நாக்கையும்தான் அதிகம் நம்பும். உதட்டிலும் மீசையிலும்கூட ருசி அறியும் மொட்டுகள் உண்டு. இரையில் வாசனையும் மென்மையும் முக்கியமாவது இதனால்தான்.

'சார்' என்றால் அழைப்பிதழ்

வங்காளத்துத் தூண்டில்காரர்கள் இரையை இரண்டாகப் பிரிக்கிறார்கள். தண்ணீரில் தூவி மீனை ஓர் இடத்துக்கு வரவழைப்பது 'சார்'. முள்ளில் மாட்டுவது 'டோப்'. நம் ஊர்க் கல்யாணத்தோடு ஒப்பிட்டால் சார் அழைப்பிதழ், டோப் இலையில் விழும் சாப்பாடு. அழைப்பிதழைப் பார்த்தே வயிறு நிறைந்துவிட்டால் யாரும் பந்திக்கு உட்கார மாட்டார்கள். எனவே, சாருக்கு வாசனை அதிகம், சத்து குறைவு என்பதுதான் இலக்கணம்.

சாருக்கு அடிப்படை, கடுகுப் புண்ணாக்கு. வங்காளத்தில் சமையலுக்குக் கடுகு எண்ணெய்தான் என்பதால் அந்தப் புண்ணாக்கு எங்கும் கிடைக்கும். அதைத் தூளாக்கி முதல்நாள் இரவே ஊறவைக்கிறார்கள். மறுநாள் காலையில் லேசாகப் புளித்திருக்கும். அதோடு வறுத்த அரிசித் தவிடும், பொரியோ அவலோ இடித்த தூளும் சேரும். இனிப்புக்கு வெல்லப்பாகு. மிட்டாய்க் கடைச் சட்டியின் அடியில் தங்கும் ஜீராக் கசண்டை வாங்கி வருகிறவர்களும் உண்டு. ரசகுல்லா ஊரில் மீனுக்கும் அதில் பங்கு!

அடுத்து மசாலா. வறுத்துப் பொடித்த வெந்தயமும் சோம்பும் எல்லோரிடமும் இருக்கும். அதற்கு மேல் அவரவர் கைப்பக்குவம். வசம்பு, சடாமாஞ்சில், கச்சோலம், கஸ்தூரி வெண்டை விதை என்று நாட்டு மருந்துக் கடைப் பட்டியலே நீளும். சிலர் கள் போலப் புளித்த அரிசிச் சோற்று நீரையும் ஊற்றிப் பிசைவார்கள்.

ஒருவர் ஒரு நாளைக்குக் குளத்தில் தூவ, கைக்கு அடக்கமான அளவு இது. புண்ணாக்கு அரை கிலோ, வறுத்த தவிடு அரை கிலோ, பொரித் தூள் கால் கிலோ, வெல்லப்பாகு 100 கிராம், வறுத்த வெந்தயத் தூள் 25 கிராம், சோம்புத் தூள் 10 கிராம், கச்சோலத் தூள் 10 கிராம். இந்தக் கலவையை அந்தக் குளத்தின் கரை மண்ணோடு சேர்த்து ஆரஞ்சுப் பழ அளவு உருண்டைகளாகப் பிடிக்க வேண்டும். மண் சேர்ப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. உருண்டை நேராக அடியில் போய் உட்காரும். உள்ளே இருப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

காலையில் நான்கைந்து உருண்டைகளை ஒரே இடத்தில் போட்டுவிட்டு, ஒரு மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் மேலும் மேலும் உருண்டைகளை வீசுவார்கள். இரை வீணாகும், தொப்பென்று விழும் சத்தத்தில் மீனும் விலகும்.

முள்ளில் மாட்டும் 'டோப்'

ரோகுவுக்கு மென்மையான, லேசாக இனிக்கும் மாவு பிடிக்கும். பழைய ரொட்டியின் ஓரத்தை நீக்கிவிட்டு, உள்பகுதியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பாலைத் திரித்து எடுத்த 'சானா'வோடு சேர்த்துப் பிசைகிறார்கள். சானா என்பது ரசகுல்லாவுக்குப் பயன்படுத்தும் அதே பால்திரட்டுதான். கடைசியில் ஒரு சொட்டு நெய். மாவு, காதுமடலைத் தொட்டால் இருக்கும் பதத்துக்கு வர வேண்டும்.

கட்லாவுக்கு அந்த மாவு கனம். அது மேல்மட்டத்தில் வாயைத் திறந்து வடிகட்டுகிற மீன் என்பதால், தண்ணீரில் புகை மாதிரி கரைந்து பரவ வேண்டும். வறுத்த கடலை மாவையும் ரொட்டித் தூளையும் குறைந்த தண்ணீரில் பிசறி, எலுமிச்சை அளவுக்குப் பிடித்து, முள் அதன் நடுவே இருக்கும்படி வைப்பார்கள். கரையும் மாவை உறிஞ்சும்போது முள்ளும் சேர்ந்து உள்ளே போகும்.

மிர்காலுக்கு அலங்காரம் தேவையில்லை. கோதுமை மாவோடு புண்ணாக்குத் தூள் சேர்த்துப் பிசைந்த உருண்டை, அல்லது மண்புழு. இரண்டும் அடியில் கிடந்தால் போதும்.

எந்த மாவாக இருந்தாலும் குளத்துக்குப் போவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, முள்ளில் மாட்டிய மாவை அதில் இறக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்குள் உதிர்ந்தால் மாவு இளகல். அரை மணி நேரம் கழித்தும் கல் மாதிரி இருந்தால் இறுகல். பத்து, பதினைந்து நிமிடத்தில் மேல்தோல் மட்டும் குழைந்தால் அதுதான் பதம். கட்லா மாவுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது, அது கரைவதற்காகவே செய்யப்படுவது.

குளிர் கூடக் கூட கெண்டையின் பசி குறையும். மார்கழி, தையில் வங்காளத்துக் குளங்கள் நன்றாகவே குளிர்ந்துவிடும். அப்போது புண்ணாக்கைக் குறைத்து, சீக்கிரம் செரிக்கும் ரொட்டி மாவுக்கு மாறிவிடுகிறார்கள்.

மீனுக்காக ஒரு பயிர்

இந்த மசாலாவில் விவசாயிகள் கவனிக்க வேண்டிய சரக்கு, கச்சோலம். வங்காளத்தில் 'ஏகாங்கி' என்று பெயர். இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இலை தரையோடு படுத்து வளரும். கிழங்கில் கற்பூரம் கலந்த மாதிரி ஒரு மணம். நம் ஊரில் சித்த மருந்துக்கும், கேரளாவில் ஆயுர்வேத மருந்துக்கும் வாங்குகிறார்கள். நதியா மாவட்டத்திலோ தூண்டில் இரைக்கும் சேர்த்தே அதை வயலில் சாகுபடி செய்கிறார்கள்.

கோடை மழையையொட்டிக் கிழங்கை நட்டு, மழைக்காலம் முழுவதும் வளரவிட்டு, குளிர்காலத்தில் இலை காய்ந்ததும் தோண்டி எடுக்கிறார்கள். கழுவி, வில்லைகளாக நறுக்கி, வெயிலில் காயவைத்தால் சரக்கு தயார். லேசான நிழலையும் தாங்கும் என்பதால் கேரளாவில் தென்னந்தோப்பில் ஊடுபயிராகவும் போடுகிறார்கள். தண்ணீர் தேங்கினால் மட்டும் கிழங்கு அழுகிவிடும். நகரத்துக்காரர்களின் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு, ஒரு கிராமத்தில் சிறு வயலுக்கு வருமானமாக மாறியிருப்பதை இங்கே பார்க்கலாம்.

இன்னொரு சரக்கு, வயலிலிருந்து வருவதில்லை. மரத்தில் இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பின் முட்டை. வெள்ளை வெளேரென்று அரிசி மாதிரி இருக்கும். ரோகுவும் கட்லாவும் இதற்கு மயங்கும் என்பது தூண்டில்காரர்களின் நம்பிக்கை. மேற்கே பாங்குரா, ஜார்கிராம் பக்கத்துக் காடுகளில் மக்கள் கூடுகளை இறக்கி முட்டையைச் சேகரிக்கிறார்கள். பக்கத்து மாநிலமான ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்தில் இதே எறும்பை அரைத்துச் செய்யும் சட்னிக்கு 2024-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது.

ஆனால், மா, முந்திரித் தோப்பு வைத்திருப்பவர்கள் இதில் கைவைப்பதற்கு முன் யோசிக்க வேண்டும். முசுறு கடித்தால் வலிக்கும்தான். ஆனால், தளிரைச் சாப்பிடும் புழுக்களையும், முந்திரியின் தேயிலைக் கொசுவையும் பிடித்துத் தின்கிற காவல்காரன் அது. நாலு மீனுக்காகத் தோப்பின் காவலை இறக்கிவிட்டால், அடுத்த பருவத்தில் அதற்கு மருந்துக்கடையில் பணம் கட்ட வேண்டியிருக்கும். வெந்தயம் செய்யும் வேலைக்கு எறும்பு முட்டை தேவையில்லை.

குளத்துக்காரரின் கணக்கு

டிக்கெட் குளத்தின் கரையில் ஞாயிற்றுக்கிழமை சிரித்த முகத்தோடு நிற்கும் குளத்துக்காரருக்குத் திங்கட்கிழமை விடியற்காலையில்தான் உண்மையான சோதனை. எழுந்ததும் அவர் முதலில் போய்ப் பார்ப்பது குளத்தை. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிக்கின்றனவா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

இதன் பின்னால் இருக்கும் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 50 சென்ட் குளம், உள்ளே 500 கிலோ மீன் என்று வைத்துக்கொள்வோம். வளர்ந்த கெண்டைக்கு அதன் உடல் எடையில் 2 சதவிகிதம் தீவனம் என்றால், ஒரு நாளைக்கு 10 கிலோ போதும். அதே குளத்தைச் சுற்றி 20 பேர் உட்கார்ந்து, ஆளுக்கு 3 கிலோ சார் வீசினால் 60 கிலோ. அதாவது, ஆறு நாள் தீவனம் ஒரே காலையில் குளத்துக்குள் போய்விடுகிறது. அன்று தூண்டிலுக்குப் பயந்து மீன்கள் சரியாகத் தின்னவும் தின்னாது.

தின்னாமல் அடியில் கிடக்கும் புண்ணாக்கும் தவிடும் அழுகும். அழுகவைக்கும் நுண்ணுயிர்கள் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். பகலில் பாசி ஆக்சிஜனை உற்பத்தி செய்து சமாளித்துவிடும். இரவில் பாசியும் சேர்ந்து ஆக்சிஜனைச் செலவழிக்கும். அதனால், விடியும் நேரத்தில் குளத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்துபோகும். மேகமூட்டமான நாளாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். சேற்றிலிருந்து அமோனியாவும் கிளம்பும். ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சீட்டுப் பணம், ஒரு வருடம் வளர்த்த மீனை விழுங்கிவிடலாம். பங்குக் குளம் என்றால், போன மீனுக்கு யார் பொறுப்பு என்று வீட்டுக்குள் சண்டையும் வந்து சேரும்.

அதனால்தான், நாலும் தெரிந்த குளத்துக்காரர்கள் வருகிறவரின் வாளியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் சீட்டுக் கொடுக்கிறார்கள். "தாதா, இதில் பாதியை வீட்டுக்கே எடுத்துப் போங்கள்" என்று சொல்லத் தயங்காதவர்தான் குளத்தைக் காப்பாற்றுகிறார். சீட்டு நாளுக்கு முந்தைய நாளும் மறுநாளும் தீவனம் போடாமல் விடுவது, வாராவாரம் சீட்டு போடாமல் குளத்துக்கு ஓய்வு கொடுப்பது, திங்கட்கிழமை காலையில் இயந்திரம் வைத்துத் தண்ணீரை இறைத்து அதே குளத்தில் மழை மாதிரி கொட்டவிடுவது என்று அவர்களுக்கும் கைவசம் வழிகள் இருக்கின்றன.

தூண்டில்காரர் பார்வையில் இரை என்பது மீனைப் பிடிக்கும் சாமான். குளத்துக்காரர் பார்வையில் அதுவும் தீவனம்தான். இந்த இரண்டாவது பார்வைதான் மீன் வளர்க்கும் விவசாயிக்கு உதவும்.

நம் பண்ணைக்குட்டையில் என்ன செய்யலாம்?

பண்ணைக்குட்டையில் கெண்டை வளர்ப்பவர்களுக்குத் தூண்டில் ஒரு நல்ல அளவுகோல். மாதம் ஒருமுறை வலை இழுக்க ஆள் கிடைக்காத இடத்தில், நாலைந்து மீனைத் தூண்டிலில் பிடித்து எடை போட்டுப் பார்த்தால் வளர்ச்சி ஓரளவு தெரிந்துவிடும். விருந்தாளி வந்தால் குழம்புக்கும் ஆகும்.

இதற்கு வங்காளத்துப் பட்டியல் முழுவதும் தேவையில்லை. தவிடும் கடலைப் புண்ணாக்கும் சம அளவு கலந்து, ஓட்டை போட்ட சாக்கில் கட்டி, குச்சியில் தொங்கவிடும் பழக்கம் இங்கே ஏற்கெனவே இருக்கிறது. அந்தச் சாக்குதான் நம்முடைய 'சார்'. மீன்கள் தினமும் அங்கே வந்து பழகியிருக்கும். எனவே, தனியாக எதையும் தூவாமல், தீவனச் சாக்குக்குப் பக்கத்திலேயே தூண்டிலைப் போடலாம்.

முள்ளுக்கு மாவு: கோதுமை மாவு 200 கிராம், சலித்த கடலைப் புண்ணாக்குத் தூள் 100 கிராம், வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு தேக்கரண்டி, நாட்டுச் சர்க்கரை ஒரு தேக்கரண்டி. வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பிசைந்து, ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் மூடி வைக்க வேண்டும். கெண்டை வருவதற்கு முன் பொடி மீன்கள் மாவைக் கொத்திக் கரைத்துவிட்டால், சுண்டைக்காய் அளவு உருட்டி, இட்லித் தட்டில் ஐந்து நிமிடம் ஆவியில் வேகவைத்து எடுக்கலாம். மேல்தோல் இறுகிவிடும். பொடி மீனால் உடைக்க முடியாது, கெண்டை முழுசாக விழுங்கும்.

கவனிக்க வேண்டியவை:

* இலுப்பைப் புண்ணாக்கை இரையில் சேர்க்கவே கூடாது. அதிலுள்ள சப்போனின் மீனைக் கொல்லும். குளத்தில் வேண்டாத மீன்களை அழிக்கத்தான் அதைப் பயன்படுத்துகிறார்கள். வேப்பம் புண்ணாக்கும் வேண்டாம்.

* பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கை 'மீனுக்குத்தானே' என்று போட வேண்டாம். அதிலுள்ள நச்சு மீனையும் பாதிக்கும்.

* தூண்டில் போடும் நாளில், இரைக்கு எடுத்த மாவின் எடையை அன்றைய தீவனத்தில் கழித்துவிட வேண்டும். மிச்ச இரையைக் குட்டையில் கொட்டாமல் கோழிக்கோ எருக்குழிக்கோ போடலாம்.

* விடியற்காலையில் மீன் மேலே வந்து தவித்தால், அன்று இரையும் வேண்டாம், தீவனமும் வேண்டாம். முதலில் தண்ணீரைச் சரிசெய்ய வேண்டும்.

* எடை பார்த்துவிட்டுத் திரும்ப விடும் மீனை ஈரக் கையால் மட்டுமே தொட வேண்டும். காய்ந்த கை பட்டால் மேலிருக்கும் வழவழப்பு போய், அந்த இடத்தில் புண் வரும்.

* பிளாஸ்டிக் விரித்த குட்டையின் சரிவு வழுக்கும். பிள்ளைகளைத் தனியாக விடக் கூடாது. கரையில் ஒரு கயிற்றைக் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டிருந்தால், தவறி விழுந்தவர் பிடித்து ஏற உதவும். மின்கம்பிக்குக் கீழே நீளமான தூண்டில் கழியை உயர்த்தவே கூடாது.

* ஏரி, குளங்களில் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குத்தகைதாரரிடம் கேட்காமல் தூண்டில் போடக் கூடாது.

நகரத்துக்குப் பக்கத்தில் குட்டை வைத்திருப்பவர்களுக்கு, வங்காளத்து டிக்கெட் குளம் ஒரு யோசனையைத் தரலாம். அதில் இறங்குகிறவர்கள் சீட்டு எவ்வளவு என்று முடிவு செய்வதற்கு முன், ஆளுக்கு எத்தனை கிலோ இரை என்பதை முடிவு செய்து கரையில் எழுதி வைப்பது நல்லது. அரை கிலோவுக்கு மேல் வேண்டாம் என்று சொன்னால், கோபித்துக்கொண்டு போகிறவர் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். குட்டையில் மீன் உயிரோடு இருக்கும்வரை, புதிதாக வருகிறவர்களுக்குப் பஞ்சம் இருக்காது.